றொக் அன்ட் றோல் எங்கே பிறந்தது? சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பின் கதை

1964ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் திகதி. இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரில் பயணிகள் சேவை நிறுத்தப்பட்டு ஆறு வருடங்களாகிவிட்ட ஒரு புகையிரத நிலையம். கிரனாடா தொலைக்காட்சி நிறுவனம் அதை அமெரிக்கத் தென்மாநிலமொன்றின் பழைய ரயில் நிலையம் போலச் சோடித்திருந்தது. ஒரு மேடையில் கலைஞர்கள், தண்டவாளத்துக்கு அப்பால் எதிர் மேடையில் பார்வையாளர்கள். அன்று மழை. ஐம்பது வயதை நெருங்கும் கறுப்பினப் பெண்ணொருவர் கனத்த மேலங்கியோடு குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார். வெள்ளை நிற மின்கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, நோவாவின் காலத்துப் பெருமழையைப் பற்றிய தேவாலயப் பாடலொன்றைப் பாடத் தொடங்குகிறார். நடுவில் பாட்டை விட்டுவிட்டுக் கிற்றாரை மட்டும் வாசிக்கிறார். எதிரே இருந்த ஆங்கிலேய இளைஞர்கள் ஈர மேடையில் உட்கார்ந்தபடியே கைதட்டுகிறார்கள்.

சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற பெயரை எங்கள் தலைமுறையில் அறிந்தவர்களில் பெரும்பாலானோர் இந்தக் காணொளி வழியாகத்தான் அறிந்திருப்பார்கள். நானும் அப்படித்தான். ஊடகக் கற்கைநெறியில் வெகுசன இசையின் வரலாறு எங்களுக்கும் ஒரு பாடமாக இருந்தது. அந்த விரிவுரைக் குறிப்புகளில் றொக் அன்ட் றோல் 1954இல், எல்விஸ் பிரெஸ்லியோடு தொடங்கியது. அதற்கு முந்திய கறுப்பின இசைக்கு ஒரு பந்தி. அந்தப் பந்தியில் இந்தப் பெண்ணின் பெயர் இருக்கவில்லை. பல வருடங்கள் கழித்து மன்செஸ்டர் காணொளியைப் பார்த்தபோது, இவர் யாரைப் பார்த்து இப்படி வாசிக்கப் பழகினார் என்பதுதான் என் முதல் கேள்வி. கேள்வியே தலைகீழானது என்பது தேடத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

1915 மார்ச் 20ஆம் திகதி, ஆர்கன்சா மாநிலத்தின் கொட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் ரொசெட்டா பிறந்தார். ஊரின் பெயரே பருத்திச் செடி. பெற்றோர் பருத்தித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள். தாயார் கேட்டி பெல் நூபின் மண்டலின் வாசிப்பார், பாடுவார், அதோடு பிரசங்கமும் செய்வார். அவர் சேர்ந்திருந்த கிறிஸ்துவுக்குள்ளான தேவசபை என்ற பெந்தெகொஸ்தே சபை, சார்ள்ஸ் மேசன் என்ற கறுப்பினப் போதகரால் உருவாக்கப்பட்டது. மத்தியதர வர்க்கக் கறுப்பினத் தேவாலயங்கள் பல, கை தட்டுவதையும் ஆடுவதையும் அநாகரிகமென்று ஒதுக்கிக்கொண்டிருந்த காலம் அது. மேசனின் சபையிலோ பறையும் தம்புரும் கிற்றாரும் ஆராதனையின் பகுதி. இசையோடு உடலும் அசைந்தால்தான் ஆவி இறங்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பெண்கள் ஊழியம் செய்யவும் போதிக்கவும் அங்கே இடம் இருந்தது.

நான்கு வயதிலேயே ரொசெட்டா கிற்றாரோடு சபையின் முன் நின்றார். ஆறு வயதளவில் தாயும் மகளும் ஊர் ஊராகச் செல்லும் ஊழியக் குழுவொன்றில் சேர்ந்துகொண்டார்கள். 1920களின் நடுப்பகுதியில் சிக்காகோவில் குடியேறினார்கள். தெற்கின் இனவெறியிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்ப இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம். தென்மாநிலத்துப் புளூஸும் நியூ ஓர்லியன்ஸ் ஜாஸும் அந்த மக்களோடு சேர்ந்தே சிக்காகோவுக்கு வந்திருந்தன. நாற்பதாம் வீதியிலிருந்த தேவாலயத்தில் வளர்ந்த சிறுமிக்கு அவை எட்டாத தூரத்தில் இருக்கவில்லை. (ரொபர்ட்ஸ் டெம்பிள் என்ற அதே தேவாலயத்தில்தான் 1955இல், மிசிசிப்பியில் வெள்ளையர்களால் கொலை செய்யப்பட்ட சிறுவன் எமெற் டில்லின் உடல் திறந்த பெட்டியில் வைக்கப்பட்டது.)

அவருடைய கிற்றார் பாணியும் அந்தச் சூழலில் உருவானதுதான். நரம்புகளை வழமைபோலச் சுருதி சேர்க்காமல், வெறுமனே மீட்டினாலே முழுச் சந்தம் ஒலிக்கும்படி அமைத்துக்கொள்ளும் தெற்கத்திய முறையை அவர் கையாண்டார். பாடும்போது தாளத்துக்கு மீட்டுவது, பாட்டு நிற்கும் இடத்தில் தனி நரம்பில் மெட்டெடுத்துக் குரலுக்குப் பதில் சொல்வது. நூற்றுக்கணக்கானோர் கை தட்டிப் பாடும் ஒரு சபையில் ஒற்றைக் கிற்றார் கேட்க வேண்டுமென்றால் அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

19 வயதில், 1934இல், தொமஸ் தோர்ப் என்ற போதகரைத் திருமணம் செய்தார். அந்த மணவாழ்க்கை நீடிக்கவில்லை. 1938இல் கணவரை விட்டுவிட்டுத் தாயாரோடு நியூயோர்க் வந்துசேர்ந்தார். கணவரின் பெயர் மட்டும், எழுத்து சற்று மாறி, தார்ப் என்று அவரோடு தங்கிவிட்டது.

1938ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் அவருக்கு நடந்தவை பலருக்கு ஓர் ஆயுளில் நடக்காதவை. ஒக்டோபரில் கொட்டன் கிளப்பில் மேடையேறினார். கறுப்பினக் கலைஞர்கள் ஆடிப் பாட, வெள்ளையினக் கனவான்கள் குடித்துக்கொண்டு பார்க்கும் இடம் அது. ஒக்டோபர் 31ஆம் திகதி டெக்கா நிறுவனத்துக்காக நான்கு பாடல்களைப் பதிவு செய்தார். டிசெம்பர் 23ஆம் திகதி கார்னெகி மண்டபத்தில், ஜோன் ஹம்மண்ட் ஒழுங்குசெய்த, கறுப்பின இசையின் வரலாற்றைச் சொல்லும் இசைநிகழ்ச்சியில் பாடினார். தேவாலயத்துக்கு வெளியே முன்பு பாடி அறியாத 23 வயதுப் பெண்.

டெக்காவில் பதிவான அந்த நான்கில் ஒன்றுதான் ‘றொக் மீ’. கொஸ்பல் இசையின் தந்தை எனப்படும் தொமஸ் டோர்சியின் பக்திப் பாடலொன்றிலிருந்து எடுத்தது. மூலத்தில் அது கடவுளின் மடியில் அடைக்கலம் தேடும் ஆத்மாவின் மன்றாட்டு. அதே சொற்களை இரவு விடுதியில், குரலைச் சற்று இழுத்து, கண்ணைச் சிமிட்டிப் பாடினால் வேறோர் அர்த்தம் வந்துவிடும். ரொசெட்டா அதை அறியாமல் பாடியவரல்ல. றொக், றோல் என்ற சொற்களுக்கு அப்போதே மூன்று வாழ்க்கைகள் இருந்தன. கடலில் கப்பல் ஆடுவதற்கும், சபையில் ஆவி நிரம்பி உடல் ஆடுவதற்கும், படுக்கையறைக்கும் அவை பயன்பட்டன. மூன்றாவது அர்த்தத்தில் 1922இலேயே டிரிக்சி ஸ்மித் என்ற புளூஸ் பாடகி இசைத்தட்டு வெளியிட்டிருந்தார்.

லக்கி மிலிண்டரின் பெரும் இசைக்குழுவோடு ரொசெட்டா அந்தப் பாடலை மீண்டும் பதிவு செய்தபோது, 1942இல் பில்போர்ட் சஞ்சிகையின் பத்தி எழுத்தாளர் ஒருவர் அவருடைய பக்திப் பாட்டை வர்ணிக்க றொக் அன்ட் றோல் என்ற அடைமொழியைப் பயன்படுத்தினார். இந்தச் சொல்லை உலகுக்குக் கொடுத்தவராக அடிக்கடி சொல்லப்படும் கிளீவ்லாந்து வானொலி அறிவிப்பாளர் அலன் ஃபிரீட், அதைத் தன் நிகழ்ச்சிகளில் பரப்பத் தொடங்கியது 1950களின் ஆரம்பத்தில்தான்.

புகழ் வந்த வேகத்திலேயே கண்டனமும் வந்தது. மிலிண்டர் குழுவோடு இருந்த காலத்தில் ஒல்லியான நெட்டை ஆணைத் தேடும் பெண்ணின் விளையாட்டுப் பாட்டொன்றையும் அவர் பாட வேண்டியிருந்தது. கால் தெரியும் ஆட்டக்காரிகளுக்கு மத்தியில் நின்று இயேசுவைப் பாடும் சகோதரியை அவர் வளர்ந்த சபை மன்னிக்கத் தயாராக இருக்கவில்லை. விடுதிக்காரருக்கோ அவர் இன்னும் கொஞ்சம் உலகியலாக இருந்தால் நல்லது. இந்த இரண்டு பக்கத்து இழுபறி அவருடைய சாவு வரைக்கும் தொடர்ந்தது. இன்று நடக்கும் தோற்றுவாய் விவாதத்தில் அவருடைய இடம் இவ்வளவு குழப்பமாக இருப்பதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

1944 செப்டெம்பரில், பியானோக் கலைஞர் சமி பிரைசோடு சேர்ந்து ‘ஸ்ட்றேஞ்ச் திங்ஸ் ஹப்பனிங் எவ்ரி டே’ என்ற பாடலைப் பதிவு செய்தார். பெரும் இசைக்குழு இல்லை. கிற்றார், பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டும். பியானோ பூகி-வூகித் தாளத்தில் உருள்கிறது, கிற்றார் நடுவில் பாய்ந்து தனியாவர்த்தனம் செய்கிறது, பாட்டு பக்திமான்களின் பாசாங்கை இலேசாகக் கிண்டல் செய்கிறது. பத்து வருடங்களுக்குப் பிறகு மெம்பிஸில் பதிவான இசைத்தட்டுகளை அறிந்த எவரும் இதைக் கேட்டால் திடுக்கிடுவார்கள். 1945 ஏப்ரலில் இது பில்போர்ட்டின் கறுப்பின இசைப் பட்டியலில் 2ஆம் இடத்துக்கு வந்தது. பக்திப் பாடல் ஒன்று அந்தப் பட்டியலில் அவ்வளவு மேலே ஏறியது அதுவரை நடக்காதது.

அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு சொல். வெள்ளையினச் சந்தைக்கு ஒரு பட்டியல், கறுப்பினச் சந்தைக்கு வேறொன்று என்பதே அன்றைய ஒழுங்கு. 1942இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியின் பெயரில் தொடங்கிய கறுப்பினப் பட்டியலுக்கு 1945இல் இனத்தைக் குறிக்கும் ‘ரேஸ்’ என்ற பெயர் வந்தது. 1949இல் அதுவே ‘ரிதம் அன்ட் புளூஸ்’ ஆனது. பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பதைவிட யார் பாடுகிறார், யார் வாங்குகிறார் என்பதே எந்தப் பட்டியல் என்பதைத் தீர்மானித்தது. கொஸ்பல் அதற்குள்ளும் ஒரு தனி அடுக்கு.

முதல் றொக் அன்ட் றோல் இசைத்தட்டு எது என்ற வாதம் இந்தப் பட்டியல்களின் மேல்தான் நடக்கிறது. ஐக் டேர்னரின் குழு 1951 மார்ச்சில் மெம்பிஸில் பதிவு செய்த ‘றொக்கெட் 88’ என்று நீண்ட காலமாகச் சொல்லி வந்தார்கள். பழுதான ஒலிபெருக்கியிலிருந்து வந்த கரகரப்பான கிற்றார் ஒலி அதன் அடையாளம். இல்லை, வைனோனி ஹரிஸ் பாடி 1948இல் வெளியான ‘குட் றொக்கிங் டுநைட்’ என்கிறார்கள் வேறு சிலர். 1949 இறுதியில் ஃபட்ஸ் டொமினோ பதிவு செய்த ‘த ஃபட் மேன்’ என்பது இன்னொரு கட்சி. 1954 ஜூலையில் எல்விஸ் பதிவு செய்த முதல் வெளியீட்டை முன்வைப்போரும் உண்டு. அதுகூட ஆர்தர் குரூடப் என்ற கறுப்பினப் பாடகர் ஏற்கனவே பாடியதன் மறுபதிப்புத்தான். ஜிம் டோசன், ஸ்டீவ் புறோப்ஸ் ஆகிய இருவர் 1992இல் இந்த ஒரே கேள்விக்காக ஒரு புத்தகமே எழுதினார்கள். அதில் 50 இசைத்தட்டுகள் விசாரணைக்கு எடுக்கப்படுகின்றன.

இந்த வாதத்தில் ஒரு வசதி இருக்கிறது. கேள்வியை ஒற்றை இசைத்தட்டாகச் சுருக்கிவிட்டால், இசைத்தட்டாக அகப்படாதவை வெளியே போய்விடும். சபையில் முப்பது வருடங்களாக நடந்த ஆராதனை இசைத்தட்டு அல்ல. மண்டலினோடு ஊர் ஊராக அலைந்த கேட்டி பெல்லின் ஊழியமும் அல்ல. புளூஸ், நாட்டுப்புற இசை, ஜாஸ் என்ற மூன்று ஆறுகளும் கலந்து றொக் பிறந்ததாக வரையப்படும் வரைபடங்களில் தேவாலயம் ஓர் ஓடையாகத்தான் காட்டப்படுகிறது. ரொசெட்டாவின் 1944 இசைத்தட்டை முதலாவது என்று முடிசூட்டுவதிலும் எனக்கு அதனால் முழு உடன்பாடு இல்லை. அது அவரையும் அதே ஓட்டப்போட்டிக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்ன என்று பார்ப்பது கூடுதல் பயனுள்ளது.

அப்படிப் பார்த்தால் 1947இல் ஜோர்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகர மண்டபத்தில் நிற்க வேண்டும். அங்கே குளிர்பானம் விற்றுக்கொண்டிருந்த 14 வயதுப் பையன் ஒருவன், நிகழ்ச்சிக்கு முன்னர் ரொசெட்டாவின் பாடல்களைப் பாடுவது அவர் காதில் விழுந்தது. அன்று மாலை அவனைத் தன் மேடைக்கு அழைத்துப் பாடவைத்தார். முடிந்ததும் கையில் பணமும் கொடுத்தார். பையனின் பெயர் ரிச்சர்ட் பெனிமன். உலகம் பின்னர் அவனை லிட்டில் ரிச்சர்ட் என்று அழைத்தது.

ஆர்கன்சாவிலேயே பிறந்த வெள்ளையினத்தவரான ஜொனி கேஷ், தனக்குப் பிடித்த பாடகியரில் ஒருவர் இவர் என்று தன் கௌரவிப்பு உரையில் நினைவுகூர்ந்தார். ஜோர்டனெயர்ஸ் என்ற வெள்ளையின ஆண்கள் குழுவொன்று ரொசெட்டாவோடு சேர்ந்து சுற்றுப்பயணம் செய்தது. சட்டப்படி இனப்பாகுபாடு நிலவிய தென்மாநிலங்களில் உணவகத்துக்குள் ரொசெட்டா நுழைய முடியாது. இவர்கள் உள்ளே போய்ச் சாப்பாடு வாங்கிவந்து பேருந்தில் இருந்த அவருக்குக் கொடுப்பார்கள். பல இரவுகளில் அந்தப் பேருந்தே அவருக்கு விடுதி. அதே ஜோர்டனெயர்ஸ்தான் 1956 முதல் எல்விஸின் இசைத்தட்டுகளில் பின்குரல் கொடுத்தவர்கள். ஆறுகள் கலந்தன என்று வரைபடத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு பேருந்தின் கதவு யாருக்கு எப்போது திறந்தது என்பது அதற்குள் வருவதில்லை.

1946இல் நியூயோர்க்கில் மேரி நைட் என்ற இளம் பாடகியைக் கேட்டு, அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார் ரொசெட்டா. இருவரும் சேர்ந்து பாடிய ‘அப் அபவ் மை ஹெட்’ பெரும் வெற்றி பெற்றது. ஆண் தலைமை இல்லாமல் இரண்டு கறுப்பினப் பெண்கள் நாடெங்கும் சுற்றிப் பாடிச் சம்பாதித்தது அன்றைக்குச் சாதாரண விடயமல்ல. அவர்களிடையே காதல் இருந்தது என்று இசையுலகில் பேச்சிருந்தது. மேரி நைட் அதை மறுத்தார்.

1951 ஜூலை 3ஆம் திகதி நடந்தது இன்று நம்புவதற்குக் கடினமான ஒன்று. வோஷிங்டனின் கிரிஃபித் பேஸ்போல் மைதானத்தில் ரசிகர்களுக்கு நுழைவுச்சீட்டு விற்று, ரொசெட்டாவுக்கும் அவருடைய முகாமையாளர் ரசல் மொறிசனுக்கும் திருமணம். ஏற்பாட்டாளர்களோடு ஒப்பந்தம் முதலில் கைச்சாத்தானது, மணமகன் பிறகுதான் தேடப்பட்டார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதிய கெயில் வோல்ட் சொல்கிறார். 20,000 பேருக்கு மேல் கூடினார்கள். சடங்கு முடிந்ததும் மணமகள் திருமண உடையிலேயே கிற்றாரை மாட்டிக்கொண்டு கச்சேரி செய்தார். வாணவேடிக்கை நடந்தது. டெக்கா நிறுவனம் முழுவதையும் பதிவு செய்து இசைத்தட்டாக விற்றது. மைதானக் கச்சேரி றொக் நட்சத்திரங்களின் கண்டுபிடிப்பு என்று எண்ணுகிறவர்கள் இந்தத் திகதியைக் குறித்துக்கொள்ளலாம்.

அதன் பின்னர் இறங்குமுகம். 1950களின் ஆரம்பத்தில் மேரி நைட்டோடு சேர்ந்து செய்த புளூஸ் பதிவுகள் தேவாலய ரசிகர்களை மேலும் விலக்கின. கொஸ்பல் மேடையில் மஹலியா ஜக்சன் முன்னுக்கு வந்துவிட்டார். கறுப்பினப் பெண்ணான ‘பிக் மாமா’ தோர்ன்டன் 1952இல் பதிவு செய்த ‘ஹவுண்ட் டோக்’ 1956இல் எல்விஸின் பாடலாக உலகைச் சுற்றிய காலம் அது. இளைஞர்களுக்கு இப்போது வேண்டியது இளம் வெள்ளைமுகம். நாற்பதைத் தாண்டிய, இன்னும் இயேசுவையே பாடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்தக் கொண்டாட்டத்தில் இருக்கை போடப்படவில்லை.

1957இல் கிறிஸ் பாபரின் ஜாஸ் குழுவோடு இங்கிலாந்தில் பயணம் செய்தபோது அவருக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது. புதிதாக வந்திருக்கிறதென்று சொல்லும் இந்த றொக் அன்ட் றோலைத் தான் வருடக்கணக்காக வாசித்து வருவதாக அங்கே பத்திரிகையிடம் சொன்னார். 1964இல் மடி வோட்டர்ஸ் உள்ளிட்ட புளூஸ் கலைஞர்களோடு மீண்டும் வந்தார். மன்செஸ்டர் மழைக் காணொளி அந்தப் பயணத்தில் பதிவானது. அமெரிக்கப் புளூஸைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருந்த பிரித்தானிய இளைஞர்களுக்கு அவர் ஒரு வரலாற்றுச் சின்னம். சொந்த நாட்டில் அவர் சிறு தேவாலயங்களில் வாசித்துக்கொண்டிருந்தார்.

1968இல் தாயார் காலமானார். மேடையிலும் வெளியிலும் அவரோடு கூட இருந்தவர் அவர். 1970இல் ஐரோப்பியப் பயணத்தின்போது ரொசெட்டாவுக்குப் பாரிசவாதம் ஏற்பட்டது. நீரிழிவு முற்றி ஒரு காலை அகற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் உட்கார்ந்தபடி பாடினார். 1973 ஒக்டோபர் 9ஆம் திகதி, புதிய ஒலிப்பதிவொன்றுக்கு நாள் குறித்திருந்த வேளையில், பிலடெல்பியாவில் மரணமானார். வயது 58. மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக அவருடைய புதைகுழிக்கு ஒரு கல் இருக்கவில்லை. 2007இல் கெயில் வோல்டின் நூல் வெளிவந்த பிறகுதான் பலர் அதைக் கவனித்தார்கள். 2008 ஜனவரியில் அவருக்காக நடத்தப்பட்ட இசைநிகழ்ச்சியில் திரட்டிய பணத்தில் கல் வைக்கப்பட்டது.

கிளீவ்லாந்தின் றொக் அன்ட் றோல் புகழ் மண்டபம் 1986இல் முதல் தொகுதிக் கலைஞர்களைத் தெரிவு செய்தது. எல்விஸ், சக் பெரி, ஃபட்ஸ் டொமினோ, லிட்டில் ரிச்சர்ட் என்று நீண்ட அந்தப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. முன்னோடிகளுக்கென்று ஒதுக்கிய தனிப் பிரிவில் மூவரைச் சேர்த்தார்கள், அவர்களும் ஆண்களே. ரொசெட்டா தார்ப்பின் பெயர் அந்த மண்டபத்துக்குள் போனது 2018இல், மேக்கன் மண்டபத்தில் குளிர்பானம் விற்ற பையன் போய் 32 வருடங்களுக்குப் பிறகு. அப்போதும் கலைஞர்களுக்கான பிரிவில் அல்ல, ஆரம்பகாலத் தாக்கம் என்ற பிரிவில். அன்றிரவு பிரிட்டனி ஹவார்ட் என்ற இளம் கறுப்பினப் பெண் கிற்றாரோடு மேடையேறி, 1938இல் டெக்காவில் பதிவான அந்த நான்கு பாடல்களில் ஒன்றை வாசித்தார்.